பழைய மாளிகையைக் கோல்ஃப் ரிசார்ட் ஆக்கலாமா? அயர்லாந்தின் நான்கு மாளிகைகளை வைத்து ஓர் ஒப்பீடு

டப்ளினிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரத்தில் நான்கு பெரிய மாளிகைகள் இருக்கின்றன. கில்டேர் மாவட்டத்தில் கார்ட்டன், காஸில்டவுன். விக்லோ மாவட்டத்தில் பவர்ஸ்கோர்ட், ரஸ்பரோ. இவற்றில் கார்ட்டன், பவர்ஸ்கோர்ட், ரஸ்பரோ மூன்றையும் வடிவமைத்தவர் ஒரே ஆள்: ஜெர்மனியிலிருந்து வந்து அயர்லாந்துப் பெரும்புள்ளிகளுக்கு வீடு கட்டிக் கொடுத்த ரிச்சர்ட் காஸில். 1751-இல் கார்ட்டனில் தங்கியிருந்தபோது, டப்ளினில் நடந்துகொண்டிருந்த வேலையைப் பற்றி ஒரு தச்சருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கையிலேயே அவர் உயிர் பிரிந்தது என்று சொல்வார்கள். நான்காவதான காஸில்டவுன் உறவு வழியில் வருகிறது. கார்ட்டன் எஜமானி எமிலியின் தங்கை லூயிசா வாழ்க்கைப்பட்ட வீடு அது. அக்கா வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் நடுவே நாலைந்து மைல்தான்.

ஒரே நூற்றாண்டில் எழுந்த வீடுகள், ஒரே மழை, ஒரே நாட்டுச் சட்டம், ஒரே பொருளாதாரம். ஆனால் இன்றைக்கு நான்கும் நான்கு வழியில் பிழைக்கின்றன. கார்ட்டன் முழுக் கோல்ஃப் ரிசார்ட். பவர்ஸ்கோர்ட்டில் மாளிகையும் தோட்டமும் ஒரு பக்கம், கோல்ஃபும் ஓட்டலும் இன்னொரு பக்கம். ரஸ்பரோ ஓர் அறக்கட்டளை. காஸில்டவுன் அரசு சொத்து. "பழைய மாளிகையும் அதைச் சுற்றிச் சில நூறு ஏக்கரும் விற்பனைக்கு வருகிறது, என்ன செய்யலாம்?" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பரிசோதனைக்கூடம் கிடைக்காது.

இந்தக் கேள்வி அயர்லாந்தில் சில வருடத்துக்கு ஒருமுறை எங்காவது ஓர் ஊரில் கிளம்பும். வாங்க வருபவர் கையில் வைத்திருக்கும் திட்டம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஓட்டல், ஸ்பா, 18 குழி கோல்ஃப் மைதானம், "கொஞ்சம்" வீடுகள். ஊர் இரண்டாகப் பிரியும். வேலை வரும் என்பார் ஒரு சாரார், பாரம்பரியம் போய்விடும் என்பார் இன்னொரு சாரார். என் பார்வையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோல்ஃப் வருகிறதா இல்லையா என்பதில் ஊர் காட்டுகிற கோபத்தில் பாதியையாவது, நிலம் துண்டு போடப்படுகிறதா இல்லையா என்பதில் காட்ட வேண்டும். புல்லைத் திரும்பப் புல்லாக்கலாம். விற்ற மனையைத் திரும்ப வாங்க முடியாது.

மாளிகைகள் ஏன் இந்த நிலைக்கு வந்தன?

இதை வேகமாகச் சொல்லிக் கடந்துவிடலாம். இந்த வீடுகள் எதுவும் தன் காலில் நின்றவை அல்ல. சுற்றிலும் ஆயிரக்கணக்கான ஏக்கரில் இருந்த குத்தகைதாரர்கள் கட்டிய குத்தகைப் பணத்தில் நின்றவை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி, குறிப்பாக 1903-இன் விண்டம் சட்டத்துக்குப் பிறகு, அந்த நிலங்கள் அரசுக் கடனோடு உழுதவர்கள் கைக்கே போயின. அதில் யாரும் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் மாளிகையும் மதிலுக்கு உள்ளே இருந்த பூங்கா நிலமும் மட்டும் மிஞ்சின. வருமானம் போய்விட்டது, கூரை போகவில்லை. 1919 முதல் 1923 வரை நடந்த விடுதலைப் போரிலும் உள்நாட்டுப் போரிலும் இருநூறுக்கும் மேற்பட்ட மாளிகைகள் எரிக்கப்பட்டன. தப்பியவற்றில் பல பிறகு கூரை பிரிக்கப்பட்டுப் பாழாயின. ஆக, இன்று நாம் ஒப்பிடுவது வருமானம் இல்லாத ஒரு பெரிய கூரையை எப்படிக் காப்பாற்றுவது என்பதற்கான வழிகளைத்தான்.

கார்ட்டன்: முழு ரிசார்ட்

கார்ட்டன் லெய்ன்ஸ்டர் பிரபுக்களான ஃபிட்ஸ்ஜெரால்டு குடும்பத்தின் வீடு. 1798 கிளர்ச்சியின் தலைவர்களில் ஒருவரான லார்டு எட்வர்டு ஃபிட்ஸ்ஜெரால்டு எமிலியின் மகன். அந்தக் குடும்பம் வீட்டை இழந்த கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மூன்றாவது மகனாகப் பிறந்த எட்வர்டு என்ற இன்னொருவர் சூதாடிக் கடனில் மூழ்கினார். தனக்கு முன்னால் இரண்டு அண்ணன்கள் இருக்கிறார்களே, பட்டம் எங்கே நமக்கு வரப்போகிறது என்ற கணக்கில், வருங்காலத்தில் எஸ்டேட்டிலிருந்து தனக்கு வரக்கூடிய வருமானத்தை எல்லாம் சர் ஹாரி மல்லாபி-டீலி என்ற பணக்காரருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். பதிலுக்கு அவருடைய 67,500 பவுண்டு கடன் அடைந்தது, வருடத்துக்கு ஒரு சிறு தொகையும் கிடைத்தது. ஒரு அண்ணன் முதல் உலகப் போரில் இறந்தார். மூத்தவர் 1922-இல் இறந்தார். பட்டம் வந்தது, வீடு கையில் இல்லை. மல்லாபி-டீலி யார் தெரியுமா? இங்கிலாந்தில் பிரின்சஸ் கோல்ஃப் கிளப்பை நிறுவியவர். கார்ட்டனில் முதல் குழி தோண்டப்படுவதற்கு எண்பது வருடம் முன்பே அதன் வருமானம் ஒரு கோல்ஃப்காரர் பைக்குப் போய்விட்டது.

1949-இல் புரோக்கெட் பிரபு, 1977-இல் மல்லகன் குடும்பம் என்று கைமாறி, 2000-களின் தொடக்கத்தில் இரண்டு கோல்ஃப் மைதானங்கள் வந்தன. ஒன்று கோல்ஃப் வீரர் மார்க் ஓமேரா பெயரில், மற்றது இன்னொரு வீரர் காலின் மான்ட்கோமரி பெயரில். 2006-இல் ஓட்டல் திறந்தது. மாளிகைக்குப் பின்பக்கம் புதிய பகுதிகள் சேர்ந்து சுமார் 165 அறைகள். 2005, 2006, 2013 ஆகிய ஆண்டுகளில் ஐரிஷ் ஓப்பன் போட்டி அங்கே நடந்தது. அயர்லாந்து ரக்பி அணி பல வருடம் அங்கேதான் பயிற்சி முகாம் போட்டது. 2017-இல் ஐரிஷ் வம்சாவளி அமெரிக்கத் தொழிலதிபர் ஜான் மல்லன் சுமார் 5.7 கோடி யூரோவுக்கு வாங்கினார் என்று செய்தி வந்தது. 2021 முதல் ஃபேர்மான்ட் ஓட்டல் நிறுவனத்தின் பெயரில் நடக்கிறது.

இதில் நல்லதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மதிலுக்குள் இருக்கும் சுமார் 1,100 ஏக்கர் பெரும்பாலும் ஒரே பரப்பாக இருக்கிறது. மாளிகையின் கூரை ஒழுகவில்லை. விக்டோரியா மகாராணி 1849-இல் வந்தபோது தங்கிய சீன அறை இன்றும் இருக்கிறது. மேனூத், லீக்ஸ்லிப் இரண்டும் டப்ளினின் நீட்சியாக வீங்கிக்கொண்டே போகும் ஊர்கள். பக்கத்திலேயே இன்டெல்லின் சிப் ஆலை. அதை நம்பி வந்த நம் ஆட்களும் இந்த ஊர்களில் வாடகைக்கு வீடு கிடைக்காமல் அலைந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஆயிரம் ஏக்கர் பச்சையாக நிற்கிறது என்றால் அது சும்மா நடந்த காரியம் இல்லை. கோல்ஃப் என்ற ஒன்று வராமல் இருந்திருந்தால் அந்த நிலத்தின் மேல் எத்தனை மனைப்பிரிவுகள் முளைத்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

நெருடல் இரண்டு. ஒன்று, உள்ளேயும் வீடுகள் கட்டி விற்கப்பட்டன. அவை அடக்கமாகத்தான் இருக்கின்றன, ஆனாலும் தனித்தனிப் பட்டாக்கள். இரண்டு, ஊர்க்காரர் உள்ளே நடப்பது அங்கே உரிமையால் அல்ல, நிர்வாகத்தின் தயவால். அயர்லாந்தில் தனியார் நிலத்தில் சுற்றித் திரியப் பொது உரிமை கிடையாது. ஸ்காட்லாந்தில் 2003-இன் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி கோல்ஃப் மைதானத்தைக் கூடக் குறுக்கே நடந்து கடக்கலாம், கிரீனை, அதாவது குழியைச் சுற்றியுள்ள ஒட்ட வெட்டிய புல்தரையை, மிதிக்காமல், ஆடுபவருக்கு இடைஞ்சல் செய்யாமல் போனால் போதும். அயர்லாந்தில் வாசற்கதவு எப்போது மூடும் என்பது அப்போதைய முதலாளியைப் பொறுத்தது. முதலாளி மாறினால் பழக்கம் மாறும். நம்மூர் நிறுவனத்தின் உதாரணமே இருக்கிறது: லண்டனுக்கு மேற்கே 1908 முதல் கோல்ஃப் கிளப்பாக இருந்த ஸ்டோக் பார்க்கை 2021-இல் ரிலையன்ஸ் 5.7 கோடி பவுண்டுக்கு வாங்கியது; அதே ஆண்டு சீரமைப்புக்காகக் கதவு மூடப்பட்டது.

கோல்ஃப் மைதானம் நிலத்துக்கு என்ன செய்கிறது?

18 குழிக்குச் சுமாராக 150 ஏக்கர் போகும். மேலோட்டமாகப் பார்த்தால் பழைய பூங்காவும் புல், மரம், தண்ணீர். கோல்ஃபும் புல், மரம், தண்ணீர். அதனால் பொருந்திப் போகும் என்று திட்ட அறிக்கைகள் எழுதும். அவ்வளவு சுலபம் இல்லை. 18-ஆம் நூற்றாண்டுப் பூங்கா ஜன்னலிலிருந்து பார்ப்பதற்காகச் செய்தது. மேடு, ஏரி, மரக்கூட்டம், நடுவே மாடு மேயும் வெட்டவெளி, எல்லாம் ஒரே பார்வையில் விழ வேண்டும். கார்ட்டனில் ரை ஆற்றை மறித்து ஏரி போல் அகலப்படுத்தியது அதற்குத்தான். இங்கிலாந்தின் பெரிய தோட்டக் கலைஞர் கேப்பபிலிட்டி பிரவுனைக் கார்ட்டனுக்கு அழைத்தபோது, இங்கிலாந்தையே நான் இன்னும் முடிக்கவில்லை என்று சொல்லி வர மறுத்தாராம். அவர் வராமலே அழகாகத்தான் வந்திருக்கிறது.

கோல்ஃப் அந்த ஒற்றைப் பார்வையைப் பதினெட்டுத் துண்டாக வெட்டுகிறது. ஒவ்வொரு குழிக்கும் தனி ஆட்டப்பாதை, ஓரத்தில் புது மர வரிசை, மணற்குழி, வண்டிப் பாதை. மண் கனமான களியாக இருந்தால் மழை பெய்ததும் தண்ணீர் நிற்கும். எனவே மேல்மண்ணை எடுத்து, அடியில் வடிகால் குழாய் போட்டு, கிரீனுக்கு மணல் அடித்தளம் அமைக்க வேண்டும். இந்த வேலையில் சத்தம் போடாமல் அடிபடுவது பழைய மரங்கள்தான். இருநூறு வருட ஓக் மரத்தின் வேர் மேல் ஓரடி மண்ணை ஏற்றினாலோ கனரக வண்டி ஓட்டி இறுக்கினாலோ அது உடனே சாகாது. சில வருடம் கழித்து உச்சியிலிருந்து காய ஆரம்பிக்கும். அதற்குள் திறப்பு விழா முடிந்து ஒப்பந்ததாரர் போயிருப்பார். ஆகவே திட்டத்தில் "மரங்கள் பாதுகாக்கப்படும்" என்று எழுதியிருப்பதற்கு மதிப்பில்லை. எந்த மரத்தைச் சுற்றி எத்தனை மீட்டருக்கு மண் தொடப்படாது என்று வரைபடத்தில் வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆறு இன்னொரு விஷயம். ரை ஆற்றுப் பள்ளத்தாக்கு கார்ட்டன் பெயரையும் சேர்த்தே ஐரோப்பியப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. காரணம் சுண்ணாம்பு படியும் ஊற்றுகளும், மூன்று மில்லிமீட்டர் கூட வளராத இரண்டு வகை நத்தைகளும். கண்ணுக்கே தெரியாத நத்தைக்காகவா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் மாளிகையின் அழகை விட அந்த நத்தையின் சட்டப் பாதுகாப்பு உறுதியானது. பாரம்பரியம் என்று வாதாடித் தோற்கிற இடத்தில் உரம், வடிகால், ஆறு என்று வாதாடினால் காது கொடுப்பார்கள்.

முழு ரிசார்ட்டின் பணக் கணக்கு

அயர்லாந்துத் தீவில் 400-க்கும் மேல் கோல்ஃப் மைதானங்கள் உண்டு. அமெரிக்காவிலிருந்து பை தூக்கி வருபவர் முதலில் தேடுவது பாலிபனியன், லகிஞ்ச், ராயல் கவுண்டி டவுன் போன்ற கடலோர மணல்மேட்டு மைதானங்களைத்தான். உள்நாட்டுப் பூங்கா மைதானம் இரண்டாம்பட்சம். எனவே மாளிகைக் கோல்ஃப் ஆட்டக் கட்டணத்தில் வாழ்வதில்லை. அறை வாடகை, கல்யாணம், கம்பெனிக் கூட்டம், வீடு விற்பனை இவற்றில்தான் பணம். கோல்ஃப் அந்த அறைகளையும் வீடுகளையும் அதிக விலைக்கு விற்க உதவும் விளம்பரப் பலகை.

இது ஓடுவதற்கு ஆழமான பை உள்ள முதலாளி வேண்டும். லிமெரிக் பக்கம் அடேர் மேனரை எடுத்துக்கொள்ளுங்கள். டன்ரேவன் பிரபுக்கள் 1832-இல் கட்டத் தொடங்கிய வீடு. ஐரிஷ் கோடீஸ்வரர் ஜே.பி. மெக்மானஸ் வாங்கிய பிறகு 2016 தொடக்கத்திலிருந்து 2017 நவம்பர் வரை கதவையே மூடிவிட்டு, புதுப் பகுதி கட்டி, மைதான வடிவமைப்பாளர் டாம் ஃபாசியோவை வைத்து மைதானத்தை அடியோடு மாற்றினார். கிரீன்களுக்கு அடியில் காற்றை இழுத்தும் ஊதியும் ஈரத்தைச் சரிசெய்யும் இயந்திரம் ஓடுகிறது. 2027-இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் ரைடர் கோப்பை கோல்ஃப் போட்டி அங்கே நடக்கப்போகிறது. பிரமாதம்தான். ஆனால் ஏறக்குறைய இரண்டு வருடம் ஒரு காசு வருமானம் இல்லாமல் செலவு மட்டும் செய்யக்கூடிய ஆள் எத்தனை பேர்? அடேரைக் காட்டி எந்த ஊரிலும் யாரும் திட்டம் விற்கலாம்; அடேரின் முதலாளியை யாரும் கூடவே கொண்டுவர முடியாது.

மறுபக்கம் பாருங்கள். கில்டேரிலேயே லிஃபி ஆற்றங்கரையில் ஸ்ட்ராஃபன் மாளிகை, இப்போது கே கிளப். 1988-இல் ஸ்மர்ஃபிட் நிறுவனம் வாங்கி, 1991-இல் ஆர்னால்டு பால்மர் வடிவமைத்த மைதானம் திறந்து, 2006-இல் ரைடர் கோப்பையே நடத்தினார்கள். 2005-இல் 11.5 கோடி யூரோவுக்குக் கைமாறிய சொத்து, பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு அடுத்த முறை கைமாறியபோது அதைவிட மிகக் குறைந்த விலைக்குத்தான் போனது. விக்லோவில் ஹியூம்வுட் கோட்டையை ஓட்டலும் கோல்ஃபுமாக மாற்றுவதற்காக வாங்கிய நிறுவனம் சுமார் 2.5 கோடி யூரோ கொடுத்தது. திட்டம் படுத்துவிட்டது. 2012-இல் அமெரிக்கக் கோடீஸ்வரர் ஜான் மலோன் சுமார் 80 லட்சம் யூரோவுக்கு வாங்கினார். மீத் மாவட்டத்துக் கில்லீன் கோட்டையில் ஜாக் நிக்லாஸ் வடிவமைத்த மைதானம் வந்தது, வீடுகளும் வந்தன, 2011-இல் பெண்களுக்கான சோல்ஹெய்ம் கோப்பையும் நடந்தது. கோட்டை மட்டும் அப்போதும் காலியாகவே நின்றது. எனக்கு இந்தக் கடைசி உதாரணம்தான் உறுத்துகிறது. மாளிகையைக் காப்பாற்றுவதற்காகக் கோல்ஃப் என்று தொடங்கி, கோல்ஃபும் மனையும் முடிந்தபின் மாளிகையின் முறை வருவதற்குள் பணம் தீர்ந்துபோகும்.

அப்புறம், 1990-களில் தொடங்கிய அந்த ஓட்டல் அலைக்குப் பின்னால் ஒரு வரிச் சலுகை இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. ஓட்டல் கட்டும் செலவை ஏழு வருடத்தில் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். எனவே சில ஓட்டல்கள் தேவைக்காக எழுந்ததை விட வரிக்காக எழுந்தவை. இன்று அந்தக் காற்று இல்லை. பழைய வெற்றியைக் காட்டிப் புதுத் திட்டம் போடுபவரிடம் இதைக் கேட்டுவிட வேண்டும்.

பவர்ஸ்கோர்ட்: பிரித்து வைத்த வழி

பவர்ஸ்கோர்ட்டை 1961-இல் வாங்கியவர்கள் ஸ்லேசஞ்சர் குடும்பம். ஆமாம், டென்னிஸ் பந்து ஸ்லேசஞ்சர்தான். மாளிகையைப் புதுப்பித்துத் திறக்கத் தயாராக இருந்த நேரத்தில், 1974 நவம்பரில், தீப்பிடித்து உள்ளே எல்லாம் சாம்பலானது. இருபது வருடத்துக்கும் மேல் கூரையில்லாமல் வெறும் சுவராக நின்றது. ஆனால் தோட்டம் திறந்தே இருந்தது. 1996-இல்தான் மாளிகைக்குக் கூரை வந்தது. அதே வருடம் முதல் கோல்ஃப் மைதானமும் திறந்தது, இரண்டாவது 2003-இல். 2007-இல் மாளிகையிலிருந்து தள்ளி, 200 அறைகளோடு ரிட்ஸ்-கார்ல்டன் ஓட்டல் வந்தது.

காலம் பார்த்தீர்களா? ஓட்டல் திறந்த மறு வருடம் நாடே சரிந்தது. ஓட்டல் தடுமாறியது, கைமாறியது, ரிட்ஸ்-கார்ல்டன் பெயர்ப்பலகை சில வருடங்களிலேயே இறங்கியது. அந்தக் காலம் முழுக்க 47 ஏக்கர் தோட்டத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜனம் வந்துகொண்டேதான் இருந்தது. எனிஸ்கெரி ஊருக்கு வழக்கம்போல் பஸ் வந்தது, மாளிகைக்குள் இருக்கும் காபிக்கடையில் ஸ்கோன் விற்றது. ஓட்டலின் கடன் தோட்டத்தின் கழுத்தில் விழவில்லை. நான்கு மாளிகைகளில் இந்த ஒரு விஷயத்துக்காகவே பவர்ஸ்கோர்ட்டுக்கு என் ஓட்டு. கார்ட்டனில் ஓட்டல் நொடித்தால் மாளிகையும் சேர்ந்து நொடிக்கும், ஏனென்றால் மாளிகைதான் ஓட்டல்.

குறை இல்லாமல் இல்லை. மாளிகையின் உள்ளழகு தீயில் போனது போனதுதான். இப்போது உள்ளே பெரும்பாலும் கடைகள். பீச் மரங்கள் வரிசைகட்டி நிற்கும் அந்த ஒரு மைல் பாதையில் போகும்போது கொடி நட்ட கிரீன்கள் கண்ணில் படத்தான் செய்கின்றன. ஓட்டல் கட்டடம் பெரியது, அடக்கமானது என்று சொல்ல முடியாது. தோட்டத்துக்குள் போக டிக்கெட் வாங்க வேண்டும். ஆனால் டிக்கெட் என்பது யாருக்கும் ஒன்றே. ஆட்டக் கட்டணமும் அறை வாடகையும் கட்ட முடியாத குடும்பத்துக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கிறது.

காஸில்டவுன்: அரசு கையில் இருந்தால் பிரச்சினை தீர்ந்ததா?

இந்தப் பகுதியை ரிசார்ட் எதிர்ப்பாளர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். காஸில்டவுன் 1722-இல் கட்டத் தொடங்கியது. ஐரிஷ் நாடாளுமன்றச் சபாநாயகர் வில்லியம் கொனொலியின் வீடு. 1965-இல் குடும்பம் வீட்டையும் 580 ஏக்கரையும் 1,66,000 பவுண்டுக்கு விற்றது. வாங்கியவர் மனை போடுபவர். செல்பிரிட்ஜ் பக்க வாசலருகே வீடுகள் எழுந்தன. மாளிகை இரண்டு வருடம் பூட்டிக் கிடந்தது. கண்ணாடி உடைத்தார்கள், கூரையிலிருந்து ஈயத் தகட்டைக் கழற்றிக்கொண்டு போனார்கள். 1967-இல் டெஸ்மண்ட் கின்னஸ் 93,000 பவுண்டு கொடுத்து மாளிகையையும் 120 ஏக்கரையும் மீட்டார். பழைய கட்டடங்களைக் காக்கும் ஐரிஷ் ஜார்ஜியன் சொசைட்டியின் தன்னார்வலர்கள் கூடிச் சுத்தம் செய்து, பழுது பார்த்து, மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1979-இல் அறக்கட்டளை, 1994-இல் அரசு. இப்போது பொதுப்பணித் துறை பார்த்துக்கொள்கிறது. லூயிசாவும் தோழிகளும் சுவரில் ஒட்டிய அச்சுப்படங்களோடு அந்தப் பிரின்ட் ரூம் பத்திரமாக இருக்கிறது. ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு லிஃபி கரையில் காசில்லாமல் நடக்கிறார்கள்.

நல்ல முடிவு மாதிரி தெரிகிறது. ஆனால் 1965-இல் துண்டான நிலம் துண்டாகவே இருந்தது. மாளிகையைச் சுற்றிய நிலத்தில் ஒரு பெரிய பகுதி தனியார் கையில் இருந்தது. எம்4 நெடுஞ்சாலையிலிருந்து நேரே வந்து வண்டியை நிறுத்தும் இடமும் அதில்தான் அடங்கியிருந்தது. அந்த நிலம் கைமாறியதும், 2023 செப்டம்பரில் அந்த வழி பொதுமக்களுக்கு மூடியது. நெடுஞ்சாலைப் பக்கம் வந்து போன வண்டிகள் குறுகலான ஊர்ச்சாலை வழியே வந்தால் எங்கே நிறுத்துவது என்று செல்பிரிட்ஜ்காரர்கள் கொதித்தார்கள். வாசலில் மாதக்கணக்கில் காவல் இருந்து போராடினார்கள். கோடிக்கணக்கில் பொதுப்பணம் செலவழித்துக் காப்பாற்றிய மாளிகைக்கு, அப்போது நெடுஞ்சாலையிலிருந்து கார் போக வழி இல்லாமல் போனது.

அக்கா வீட்டையும் தங்கை வீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோல்ஃபுக்குப் போன கார்ட்டனில் நிலம் ஏறக்குறைய முழுசாக இருக்கிறது, ஊருக்கு உரிமை இல்லை. அரசுக்குப் போன காஸில்டவுனில் ஊருக்கு உரிமை இருக்கிறது, நிலம் முழுசாக இல்லை. அரை நூற்றாண்டுக்கு முன்னால் ஒரு பத்திரத்தில் போட்ட கையெழுத்து 2023-இல் வந்து கதவை அடைத்தது.

அரசு வழியின் இன்னொரு எல்லை, எத்தனை வீட்டை அரசு எடுக்கும் என்பது. மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் பணம் கேட்கும் நாட்டில் மாளிகைக்கூரைக்கு வரிசையில் கடைசி இடம்தான். நாட்டின் மிகச் சிறந்த ஒன்றிரண்டுக்கு இது சரி. மாவட்டத்துக்கு ஏழெட்டு இருக்கும் நடுத்தர மாளிகைகளுக்கு இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

ரஸ்பரோ: அறக்கட்டளை

ரஸ்பரோவின் முகப்பு சுமார் 210 மீட்டர் நீளம். ஓவியச் சேகரிப்பாளர் சர் ஆல்ஃபிரட் பீட் 1952-இல் வாங்கி, 1976-இல் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். 1978-இல் பொதுமக்களுக்குத் திறந்தது. ஓவியங்கள் நான்கு முறை கொள்ளை போயின, 2010-இல் ஒரு பக்கம் தீப்பிடித்தது. வெர்மீரின் ஓவியம் உட்பட மிகச் சிறந்த 17 படங்களை பீட் தேசிய ஓவியக்கூடத்துக்கே கொடுத்துவிட்டார். 2015-இல் வீட்டைப் பராமரிக்கப் பணம் போதாமல், மிச்சமிருந்தவற்றில் சிலவற்றை லண்டனில் ஏலம் விட அறக்கட்டளை முடிவு செய்ததும் நாடு முழுக்கச் சத்தம் எழுந்தது, ஏலத்தை ஒத்திவைத்தார்கள். மூலதனம் பலமாக இல்லாத அறக்கட்டளை வீட்டைக் காப்பாற்ற வீட்டுச் சாமானை விற்க வேண்டிவரும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ரூபென்ஸ் போன்ற பெரிய ஓவியரின் படம் தொங்கிய வீட்டுக்கே இந்தக் கதி என்றால், வெறும் சுவர் மட்டும் இருக்கும் மாளிகைக்கு அறக்கட்டளை அமைக்கலாம் என்று சொல்பவர் முதலில் காசோலையைக் காட்ட வேண்டும்.

குடும்பமே குடியிருந்துகொண்டு, வருடத்தில் குறைந்தது 60 நாள் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, பராமரிப்புச் செலவுக்கு வரிவிலக்கு பெறும் வழியும் உண்டு. சட்டப் பிரிவு 482 என்பார்கள். சின்ன மாளிகைக்கு, பிடிவாதமான குடும்பத்துக்கு, அது நல்ல வழி. விற்பனைக்கே வந்துவிட்ட வீட்டுக்கு அது பொருந்தாது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

மாளிகை பெரு நகரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இருந்தால், சுற்றி 500 ஏக்கராவது இருந்தால், பவர்ஸ்கோர்ட் வழிதான் என் முதல் தேர்வு: மாளிகையும் உள்தோட்டமும் ஒரு நிறுவனத்தில், ஓட்டலும் கோல்ஃபும் வேறொரு நிறுவனத்தில், ஒன்றின் கடனுக்கு மற்றது அடமானம் ஆகாதபடி. கோல்ஃப் மைதானம் மாளிகை ஜன்னலிலிருந்து தெரியும் நிலத்தில் வரக் கூடாது, மதில் ஓரமாகப் போக வேண்டும். 36 குழி வேண்டாம், 18 போதும். முழு ரிசார்ட்டுக்கு நான் சம்மதிப்பது ஒரே நிலையில்தான்: வாங்குபவர் சொந்தப் பணத்தில் செய்கிறார், வங்கிக் கடனிலும் வீடு விற்பனையிலும் அல்ல என்பது தெளிவாக இருக்கும்போது. நகரத்திலிருந்து தூரமாக, 200 ஏக்கருக்குக் குறைவாக இருந்தால் கோல்ஃப் பேச்சே வேண்டாம். கல்யாண வீடாகவோ வாடகை விடுதியாகவோ சிறியதாக நடத்திப் பிழைக்கட்டும், அல்லது பணம் உள்ள ஒருவர் வாங்கிக் குடியிருக்கட்டும். ஹியூம்வுட் கோட்டைக்குக் கடைசியில் வாய்த்தது அதுதான். கோல்ஃப் வராமல் போனதில் அதற்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

வேலைவாய்ப்பு வாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரிசார்ட்டில் வேலை வரும், உண்மை. ஆனால் அதில் பாதி துடைப்பது, பரிமாறுவது, புல் வெட்டுவது. பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குவது. அதைக் குறைவாகச் சொல்லவில்லை, அந்த வேலையில் பிழைக்கும் நம் பிள்ளைகளும் உண்டு. அந்தச் சம்பளத்தில் கில்டேரில் வாடகை கொடுத்து வாழ முடியாது என்பதுதான் சிக்கல். ஊழியர்களுக்குத் தங்குமிடம் எங்கே என்று திட்டத்தில் ஒரு பக்கமாவது இருக்கிறதா என்று பார்க்கலாம்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு திட்டம் வந்தால் செய்ய வேண்டியது இதுதான். அயர்லாந்தில் திட்ட அனுமதி விண்ணப்பம் பதிவான நாளிலிருந்து ஐந்து வாரத்துக்குள், 20 யூரோ கட்டி, யார் வேண்டுமானாலும் எழுத்தில் கருத்துத் தெரிவிக்கலாம். குடியுரிமை தேவையில்லை, சொந்த வீடு தேவையில்லை. "எங்கள் பாரம்பரியத்தை அழிக்காதீர்கள்" என்று இரண்டு பக்கம் எழுதினால் அது மற்றவற்றோடு கோப்பில் போய்ச் சேரும். அதற்குப் பதிலாக மூன்று கேள்வி கேளுங்கள். விற்பனைக்கான வீடுகள் எத்தனை, வரைபடத்தில் எங்கே, மாளிகையின் பழுதுபார்ப்பு முடியும் முன் அவற்றில் ஒன்றாவது விற்கப்படுமா? பொதுமக்கள் நடக்கும் பாதை எது, அது பத்திரத்தில் பதிவாகுமா, அல்லது நிர்வாகத்தின் அனுமதியோடு மட்டுமா? ஓட்டல் நிறுவனம் மூழ்கினால் மாளிகையின் பட்டா யார் கையில் இருக்கும்? இந்த மூன்றுக்கும் பதிலை அனுமதியின் நிபந்தனையாகவே எழுதச் சொல்லிக் கேளுங்கள். நிபந்தனையில் ஏறாத வாக்குறுதி அடுத்த முதலாளியைக் கட்டுப்படுத்தாது.